கத்திரி வெயிலிலும் ஊட்டிக் குளிரிலும் 10 வாரக் குழந்தை: தண்ணீர், ஏசி, உடுப்பு பற்றி

கேள்வி – வேலூர்மதி

பெண் குழந்தை, 10 வாரம், 5 கிலோ. நிறைமாதத்தில் பிறந்தவள். தாய்ப்பால் மட்டும்தான். வீடு மேல்தளம், தலைக்கு மேல் மொட்டைமாடி. மதியம் 2 மணிக்கு அறைக்குள் 36 டிகிரி காட்டுகிறது, ராத்திரி 10 மணி ஆனாலும் 33-க்குக் கீழே இறங்குவதில்லை. கேட்க வேண்டியவை இவை:

வெயிலுக்கு நாக்கு வறண்டுவிடும், ஒரு சங்கு தண்ணீர் கொடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? ஏசி எத்தனையில் வைக்க வேண்டும்? ஏசி போட்டால் கால் சில்லென்று ஆகிறது, அது குளிரா? நேற்று மதியம் அக்குளில் 37.7 டிகிரி இருந்தது, மாலையில் 37.1. இதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வதா? இந்த வாரம் 10-வது வாரத் தடுப்பூசி. அதற்கு மறுநாளே குடும்பத்தோடு ஊட்டி போவதாகத் திட்டம். இங்கே 40, அங்கே ராத்திரி 11, 12 என்றால் குழந்தை தாங்குமா?

பதில் – பச்சிளங்குழந்தை_செவிலியர்

முதலில் அந்தக் கால் விஷயம். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே திறவுகோல்.

கையின் பின்புறத்தை, அதாவது புறங்கையை, குழந்தையின் வயிற்றில் வையுங்கள். பிறகு உள்ளங்காலில் வையுங்கள். வயிறும் காலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை சௌகரியமாக இருக்கிறாள். வயிறு வெதுவெதுப்பாக இருந்து கால் மட்டும் சில்லென்று இருந்தால், உடம்பு தன் சூட்டைக் காக்க ரத்த ஓட்டத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஆபத்து இல்லை, ஆனால் ஒரு அடுக்குத் துணி கூட்ட வேண்டும், அல்லது ஏசியை இரண்டு டிகிரி ஏற்ற வேண்டும். வயிறும் சில்லென்று இருந்தால் அது தாழ்வெப்பம். உடனே சட்டையைக் கழற்றி அம்மாவின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்தி, பால் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இன்னொரு நிலையும் உண்டு. வயிறு, கால், கை எல்லாம் சுட்டு, முகம் சிவந்து, பிடரியில் பிசுபிசுவென்று வியர்வை இருந்தால், அது வெளிச்சூடு. நோய்த்தொற்றால் வரும் காய்ச்சலில் பெரும்பாலும் உடம்பு கொதிக்கும், காலும் கையும் சில்லென்று கிடக்கும். இதை மட்டும் நம்பி நோயை முடிவு செய்யக் கூடாது. தெர்மாமீட்டரை எடுக்கச் சொல்லும் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்குளில் 36.5 முதல் 37.5 வரை இயல்பு. உங்கள் 37.7 அந்த எல்லைக்குச் சற்று மேலே, காய்ச்சல் எல்லையான 38-க்குக் கீழே இருக்கிறது. மாலையில் தானாக 37.1-க்கு இறங்கியிருப்பதைப் பார்த்தால் அறைச்சூடு ஏறியதாகவே தெரிகிறது. இனி இப்படிக் காட்டினால் துணியைக் குறைத்து, குளிர்ந்த அறைக்கு மாற்றி, பால் கொடுத்து, 20 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குளித்த உடனேயோ, துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த உடனேயோ எடுத்தால் அளவு தப்பாக வரும். அக்குளை முதலில் துடைத்துவிட்டு, தெர்மாமீட்டரின் முனை அக்குளின் நடுக்குழியில் பதியும்படி வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈர அக்குளும், முனை பின்பக்கமாக நழுவி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

38 அல்லது அதற்கு மேல் என்றால், 3 மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அன்றே, அந்த மணி நேரமே மருத்துவரிடம்.

பதில் – தாய்ப்பால்_ஆலோசகர்

சங்குத் தண்ணீர் வேண்டாம் மதி. ஒரு சொட்டுகூட வேண்டாம். 6 மாதம் வரை இதுதான் விதி, வேலூர் வெயிலுக்கும் இதில் விலக்கு இல்லை.

கணக்குப் போட்டுக் காட்டினால் வீட்டுப் பெரியவர்களுக்கும் புரியும். 5 கிலோ குழந்தை ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 750 மி.லி. பால் குடிப்பாள். தாய்ப்பாலில் 100-க்கு 87, 88 பங்கு தண்ணீர். அப்படியென்றால் 650 மி.லி. தண்ணீர் பாலிலேயே போய்விடுகிறது. இதற்கு மேல் ஒரு சங்கு கொடுத்தால் வயிற்றில் பாலுக்கான இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அவள் குறைவாக உறிஞ்சினால் உங்களுக்குச் சுரப்பும் குறையும். இந்த வயதில் சிறுநீரகத்தால் அதிகத் தண்ணீரை வேகமாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வலிப்பு வரை போகும். தண்ணீரோடும் சங்கோடும் வரும் கிருமி வேறு. சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், கழுதைப்பால், இளநீர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வெயிலில் குழந்தை அடிக்கடி அழைப்பாள், ஐந்து நிமிடம் குடித்துவிட்டு விலகிவிடுவாள். பால் போதவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. தொடக்கத்தில் வரும் நீர்த்த பாலைத் தாகத்துக்காகக் கேட்கிறாள். கேட்டபோதெல்லாம் கொடுங்கள், 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, கத்திரியில் அதற்கு மேலும் போகும். நீங்கள் ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ இருக்கட்டும்.

போதுமான நீர் போகிறதா என்பதை நாப்கினைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு நாளைக்கு 6 தடவையாவது நன்றாக நனைய வேண்டும், சிறுநீர் வெளிர்நிறமாக இருக்க வேண்டும். மஞ்சள் கறை அடர்த்தியாகப் படிவது, செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சு நிறம் ஒட்டுவது, 6 மணி நேரம் நனையவே இல்லை என்பது, வாய்க்குள் விரல் விட்டால் ஒட்டுவது, உச்சிக்குழி உள்வாங்கித் தெரிவது, எழுப்பினாலும் எழாமல் துவள்வது: இவற்றில் எது தெரிந்தாலும் நேரம் கடத்தாமல் காட்டுங்கள். உச்சிக்குழியைக் குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போது பாருங்கள். படுத்து அழும்போது அது மேடாகவே தெரியும்.

இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்காக ஒன்று. கோடையில் பிறந்த குழந்தைக்கு 3, 4-வது நாளில் திடீரென்று காய்ச்சல் வந்து எடை சரிந்தால், பல நேரம் அது பால் சரியாகக் கிடைக்காததால் வரும் நீரிழப்பு. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் சோடியம் ஏறியிருக்கும் வாய்ப்பு உண்டு. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. புட்டிப்பால் குழந்தைக்கு வெயில் என்று மாவைக் குறைத்துக் கரைப்பதும் இதே அளவுக்குத் தவறு.

பதில் – குழந்தைநல_மருத்துவர்

ஏசி பற்றி. 25, 26 டிகிரியில் வையுங்கள். காற்று நேராக உடம்பில் படாமல் தகட்டை மேல் பக்கம் திருப்புங்கள். இணையத்தில் 16 முதல் 20 டிகிரி என்று படித்திருப்பீர்கள். அது இங்கிலாந்தில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுபவர்கள் அதிகமாகச் சூடேற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன அளவு. அந்த அறையில் குழந்தைக்குத் தடித்த உறக்க உடை இருக்கும். பருத்திச் சட்டையோடு படுக்கும் நம் குழந்தையை 18-ல் போட்டால் கால் சில்லிடத்தான் செய்யும்.

குழந்தை ஏன் இரண்டு பக்கமும் சீக்கிரம் சாய்கிறது என்று தெரிந்தால் நீங்களே முடிவெடுக்கலாம். எடையோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தையின் தோல்பரப்பு நம்மைவிட இரண்டு, மூன்று மடங்கு. தலை மட்டுமே மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. தோலுக்கடியில் கொழுப்பு மெல்லியது. குளிர்ந்தால் நம்மைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடேற்றும். அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். அதனால்தான் குளிரில் கிடந்த குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல், சர்க்கரை இறங்கி வருகிறது. எடை ஏறாத குழந்தைகளில் சிலர் தினமும் இப்படிச் சிறுகச் சிறுகச் சூட்டுக்காகவே பாலைச் செலவழிப்பவர்கள். வெயிலிலோ, வியர்வைச் சுரப்பிகள் இன்னும் முழுவீச்சில் வேலை செய்யாது, துணியைத் தானே விலக்கவும் முடியாது. தலைதான் சூட்டை வெளியேற்றும் பெரிய ஜன்னல். அதனால் வீட்டுக்குள் வெயில் காலத்தில் குல்லா, கையுறை, காலுறை மூன்றும் வேண்டாம். தூக்கத்தில் அதிகச் சூடு ஏறுவது திடீர்க் குழந்தை மரணத்தின் அபாயத்தைக் கூட்டுபவற்றுள் ஒன்று. மல்லாக்கப் படுக்கவைப்பதோடு இதையும் சேர்த்தே சொல்கிறோம்.

மேல்தள வீட்டில் இன்னொரு சங்கதி. கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை கீழே வீசிக்கொண்டிருக்கும். அறைக்காற்று 33 என்றாலும் மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு முகத்துக்கு நேரே கதிர்ச்சூடு. மாலை 5 மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பது, வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, தொட்டிலை அறையின் நடுவிலிருந்து வெயில் படாத சுவர் ஓரமாகக் கீழே இறக்குவது, இவை ஏசி இல்லாத வீட்டுக்கும் உதவும். ஏர்கூலர் வேலூரின் வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும், ஜன்னல் திறந்திருந்தால் மட்டும். மூடிய அறையில் ஈரப்பதம் ஏறி வியர்வை உலராது. சென்னை, கடலூர் போன்ற கடலோரத்தில் அதனால் பெரிய பயன் கிடையாது. கூலர் தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை முழுதும் கொட்டித் தேய்த்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு கொசுவை வளர்த்ததாகிவிடும். மின்விசிறி ஓடலாம். ஆனால் அறை 40-ஐ நெருங்கினால் அது சூட்டைத்தான் ஊதும். அப்போது சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு துடைத்துவிட்டு விசிறியை ஓடவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலின் ரத்தக்குழாய் சுருங்கிவிடும், உள்சூடு வெளியே வராது.

வியர்க்குருவுக்குப் பவுடர் போடாதீர்கள். அடைபட்ட துளையை அது இன்னும் அடைக்கும், தூசி மூச்சுக்குழாய்க்குள் போகும். துணியைக் குறைத்தாலே இரண்டு மூன்று நாளில் வாடிவிடும்.

தடுப்பூசிக்கு மறுநாள் பயணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) போட்ட பிறகு முதல் 48 மணி நேரத்தில் காய்ச்சல் வரலாம். மலைப்பாதையில் காய்ச்சல் வந்தால் ஊசியாலா, சூட்டாலா, தொற்றாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று நாள் தள்ளிப் போங்கள்.

பதில் – மருந்தாளுநர்

ஊசிக் காய்ச்சல் பேச்சு வந்ததால் இதைச் சேர்க்கிறேன். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. பெரும்பாலான சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி., இன்னொரு வகையில் 5 மி.லி.க்கு 250 மி.கி. கிலோவுக்கு 15 மி.கி. என்று மருத்துவர் சொன்னால் 5 கிலோவுக்கு 75 மி.கி. அது சொட்டு மருந்தில் முக்கால் மி.லி., 120 சிரப்பில் சுமார் 3 மி.லி. யாரோ சொன்ன "3 மி.லி."யைச் சொட்டுப் புட்டியிலிருந்து எடுத்தால் 300 மி.கி., நான்கு மடங்கு. கல்லீரலைக் கெடுக்கும் தவறு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. புட்டியோடு வரும் பில்லரால் (சொட்டுக்குழாய்) மட்டும் அளவுங்கள், வீட்டு ஸ்பூனால் வேண்டாம். 3 மாதத்துக்குள் மருத்துவர் சொல்லாமல் முதல் வேளைகூடக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலை அது மறைத்துவிடும், காரணம் உள்ளே வளரும்.

ஊட்டியில் சளி பிடித்தால் இருமல் மருந்து வாங்காதீர்கள். 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவோ தரவோ வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் கூடாது. கற்பூரம் மெல்லிய தோல் வழியாகவும் உள்ளே ஏறும், கொஞ்ச அளவிலேயே வலிப்பை உண்டாக்கும். தேன் 1 வயது வரை கிடையாது.

கேள்வி – வேலூர்மதி

எல்லோருக்கும் நன்றி. பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டோம். இரண்டு சந்தேகம். பகலில் தூளியில்தான் தூங்குகிறாள், அது சூடா? ஊட்டியில் ராத்திரி எத்தனை துணி போட வேண்டும்?

பதில் – பச்சிளங்குழந்தை_செவிலியர்

தூளி எந்தத் துணி என்பதைப் பொறுத்தது. பழைய பருத்திப் புடவை என்றால் காற்று ஊடுருவும். பாலியெஸ்டர் புடவை இரண்டு மடிப்பாகக் கட்டினால் குழந்தையின் முதுகும் இரு பக்கமும் ஒட்டி, அவளுடைய சூடே அவளைச் சுற்றி நிற்கும். கட்டை வைத்துத் தூளியின் வாயை அகட்டுங்கள். வெளிச்சம் படக்கூடாது என்று மேலே இன்னொரு துணி போட்டு மூடாதீர்கள், கொசுவலை மட்டும் போதும். உள்ளே கைவிட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் எடுத்துப் பாயில் போட்டுவிடுங்கள். இந்த வயதில் கழுத்து நிற்காததால் தூளியில் முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுப்பாதை மடங்கலாம். அதனால் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் சின்னத் தூக்கத்துக்கு மட்டும் தூளி, ராத்திரிக்குச் சமதளம்.

பதில் – நீலகிரி_கிராம_செவிலியர்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால், மூன்று மணி நேரத்துக்குள் 12 டிகிரி இறங்கிவிடுகிறீர்கள். கீழே கிளம்பும்போதே ஸ்வெட்டர் மாட்டி ஏற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. குன்னூர் வருவதற்குள் உள்சட்டை வியர்வையில் நனைந்துபோகும். அந்த ஈரத்தோடு ஊட்டிக் காற்றில் இறங்கினால் ஈரத்துணியே சூட்டை உறிஞ்சிவிடும். கீழே ஒரு பருத்திச் சட்டை மட்டும் போதும். பர்லியார் தாண்டியதும் ஒரு முழுக்கைச் சட்டை, குன்னூரில் நிறுத்தி நாப்கினும் உள்சட்டையும் மாற்றிவிட்டு ஸ்வெட்டர், குல்லா. ஏற்றத்தில் காதடைப்புக்கு அவள் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் வண்டியை ஓரம் நிறுத்திப் பால் கொடுங்கள். நிறுத்திய வண்டிக்குள் குழந்தையைத் தனியே விடாதீர்கள், கீழே வெயிலில் 20 நிமிடத்தில் வண்டிக்குள் சூடு 10 டிகிரிக்கு மேலேயே ஏறும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பது போதாது.

ராத்திரிக்கு உங்களுக்கு எத்தனை அடுக்கோ அதைவிட ஒன்று கூட. உடம்போடு பருத்தி, அதன்மேல் முழுக்கை, மேலே கம்பளி, காலுறை. கம்பளி நேராகத் தோலில் பட்டால் தடித்துச் சிவக்கும். தளர்வான கம்பளிப் போர்வை வேண்டாம், முகத்தில் ஏறிவிடும். இடுப்பு, கால் அசையும்படி பருத்தித் துணியில் சுற்றி அக்குள்வரை மட்டும் போர்த்தினால் போதும். அறைக்குள் தூங்கும்போது குல்லாவை எடுத்துவிடுங்கள், அது நழுவி மூக்கை மூடும். வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைக்காதீர்கள், துணி சுற்றியிருந்தாலும் தோல் சுட்டுக் கொப்புளம் வரும்.

விடுதியில் கரிக் கணப்பு கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமும் இருக்காது, புகையும் தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போகும். மின்சார ஹீட்டர் என்றால் படுக்கப் போகுமுன் அறையை 21, 22 வரை ஏற்றிவிட்டு அணைத்துவிடுங்கள்.

அங்கே தினமும் குளிப்பாட்ட வேண்டாம். நண்பகலில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றால் ஜன்னலை மூடி, முழங்கையில் ஊற்றிப் பார்த்து வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீரில், ஐந்து நிமிடத்துக்குள். வெளியே எடுத்ததும் முதலில் தலையைத் துவட்டுங்கள். சாம்பிராணிப் புகை கூடாது, குளிரில் ஏற்கெனவே இறுகியிருக்கும் மூச்சுக்குழாய்க்கு அது கூடுதல் எரிச்சல். மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும்.

மூக்கடைப்பு வந்தால் உப்புநீர்ச் சொட்டு ஒரு மூக்குக்கு ஒரு சொட்டு, பால் கொடுப்பதற்கு 10 நிமிடம் முன். இந்த வயதில் மூக்கு வழியாகவே மூச்சு விடுவதால், அடைப்பு இருந்தால் பால் குடிக்கத் திணறுவாள். தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு மேல் என்பதால் 50 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமூச்சு. 2 மாதத்துக்குக் கீழ் என்றால் எல்லை 60. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால், பால் மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி – இரட்டை_வாரம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அக்கா குழந்தை 34 வாரத்தில் பிறந்தது, இப்போது 1.9 கிலோ. வீடு கொடைக்கானல். மேலே சொன்ன துணிக்கணக்கு அதற்கும் பொருந்துமா?

பதில் – குழந்தைநல_மருத்துவர்

பொருந்தாது. அந்தக் குழந்தையிடம் பழுப்புக் கொழுப்பு இன்னும் குறைவு, எத்தனை கம்பளி சுற்றினாலும் உள்ளே சூடு உற்பத்தி இருந்தால்தானே துணி அதைக் காக்கும். தோலுக்குத் தோல் படும்படி நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கங்காரு முறைதான் வழி. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது, இப்போது எடை குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பது. நாப்கின், குல்லா, காலுறை மட்டும் போட்டு, அக்காவின் மார்பகங்களுக்கு நடுவில் நிமிர்த்தி, தவளை மாதிரி காலை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, பருத்தித் துணியால் குழந்தையின் காதுக்குக் கீழ்வரை கட்டுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்க. அக்கா குளிக்கப் போகும்போது அப்பாவோ பாட்டியோ அதே மாதிரி கட்டிக்கொள்ளலாம். 2.5 கிலோ ஆகும்வரை, அல்லது குழந்தை தானே நெளிந்து வெளியே வரப் பார்க்கும்வரை தொடருங்கள். தினமும் நான்கு வேளை அக்குள் சூடு எழுதிவையுங்கள். 36.5-க்குக் கீழே வந்தால் உடனே கட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் பிறந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கட்டியபடியே கொண்டு போங்கள்.